கால்வாய் நின்ற இடம்

ரோட்டோரக் கால்வாய், அகுன்னாவின் வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் திடீரென்று நின்றுவிட்டது. கட்டினவர்கள் ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்பதற்கு உமுநெகே ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சிமெண்டு தீர்ந்துபோனது என்பார் ஒருவர். காண்டிராக்டர் தன் கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போனவர் திரும்பவில்லை என்பார் இன்னொருவர். எப்படியோ, மூன்று மைல் சரிவில் விழுகிற மழையையெல்லாம் வாரிக்கொண்டு ஜம்மென்று வருகிற கால்வாய், கடைசிச் சிமெண்டுப் பலகைக்கு அப்புறம் வாயைத் திறந்து செம்மண்ணில் துப்பியது. முதல் வருஷம் அங்கே ஒரு குட்டை உண்டாயிற்று. ஊர் வாத்துகளுக்குக் கொண்டாட்டம். பதினோரு வருஷத்தில் அந்தக் குட்டை எண்ணெய்ப்பனை உயரத்துக்குப் பள்ளமாகி, ஏழு வீட்டையும் ஒரு ஜெபக் கூடத்தையும் விழுங்கி, ஆற்றுப் பக்கம் அரை மைல் நீண்டு கிடந்தது.

தலைநகர் அபுஜாவில் இருக்கிற பெரிய அரசாங்கத்துக்கு எங்கள் பக்கத்தில் ஃபெடரல் என்று பெயர். கவர்னர் நடத்துகிற அரசாங்கம் ஸ்டேட். இரண்டையும் ஊரார் ஏதோ பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். ரோடு ஃபெடரலுடையது. அதோடு கூடப்பிறந்த கால்வாயும் ஃபெடரலுடையது. கால்வாய் முடிந்ததும் தொடங்குகிற மண் சட்டப்படி கவர்னர் கையில். ஒன்றிலிருந்து மற்றதற்கு இறங்குகிற தண்ணீர் யாருடையது என்று கேட்டால் மட்டும், ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட இரண்டு மருமகள்கள் அடுப்படியில் கிடக்கிற எச்சில் தட்டைப் பார்த்தும் பாராமல் போவதுபோல இரண்டும் போய்க்கொண்டிருந்தன.

அகுன்னாவின் கொழுந்தன் ஒபியோராவுக்கு இதெல்லாம் அத்துப்படி. ரோட்டோரத்தில் பங்க்சர் ஒட்டுகிறவர். நடு ரோட்டிலிருந்து இத்தனை அடிக்குள் கடை போடக்கூடாது என்று ஃபெடரல் ஆட்கள் வந்து அவருடைய கொட்டகையை ஒருமுறை இடித்தார்கள். பின்னால் தள்ளிப் போட்டதும், இது ஸ்டேட் நிலம் என்று ஸ்டேட் ஆட்கள் வந்து இன்னொருமுறை இடித்தார்கள். அதிலிருந்து அவருக்கு மனு எழுதுகிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடுகிறபோதுகூட வாய் ஏதாவதொரு சட்டப்பிரிவைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அகுன்னா ஐம்பதைத் தாண்டினவள். கணவர் சிப்ரியன் போய் நான்கு வருஷமாகிறது. எங்கள் வழக்கப்படி அவரை வீட்டு முற்றத்திலேயே, பேரிக்காய் மாதிரி ஊதாக் காய் காய்க்கிற ஊபே மரத்தடியில் புதைத்து, மேலே சிமெண்டுப் பலகை போட்டு, நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்திருந்தாள். மரவள்ளிக் கிழங்கு தோல் சீவ அவளுக்கு அந்தக் கல்லறை விளிம்பைவிட வாகான இடம் கிடையாது. கிழங்கு வந்த நாட்களில் அங்கே உட்கார்ந்து, கத்தியும் கையுமாக, அன்றைய செய்தியை அவருக்குச் சொல்வாள். சந்தையில் கார்ரி என்கிற வறுத்த மரவள்ளி மாவின் விலை இறங்கினதைச் சொல்வாள், மகள் உஜூவைப் பெண் கேட்டு வந்தவனின் மூக்கைப் பற்றிச் சொல்வாள். உயிரோடிருந்த காலத்தில் அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளம் வடக்கே போய்க்கொண்டிருந்தவரை அவள் அதிகம் கவலைப்படவில்லை. ஜூன் மாத மழையில்தான் பெரிய பள்ளத்திலிருந்து ஒரு கிளை பிரிந்து, விரல் நீட்டுகிற மாதிரி, நேரே அவள் முற்றத்தைப் பார்த்து வந்தது. ஒரே வாரத்தில் மரவள்ளிப் பாத்தி போயிற்று. அடுத்த வாரம், கிழங்குத் துருவலைச் சாக்கில் கட்டிக் கல்லேற்றிப் பிழிகிற மேடை போயிற்று. மாத முடிவில் அந்த விரலின் நுனிக்கும் சிப்ரியனுக்கும் நடுவே காலால் அளந்தால் ஏழு எட்டுத் தூரம் இருந்தது. அகுன்னா தினமும் காலையில் எழுந்ததும் அந்த ஏழு எட்டை நடந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டினாள்.

வீடு போனால் அவள் போக ஓர் இடமிருந்தது. போர்ட் ஹார்கோர்ட்டில் தங்கை இருந்தாள். ஆனால் வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்குப் புகுந்த ஊரில் பிடிமானம் புருஷன் படுத்திருக்கிற மண்தான். அவரைத் தண்ணீர் கொண்டுபோக விட்டுவிட்டு எந்த முகத்தோடு யார் வீட்டில் போய் உட்காருவது? பங்காளிகள் ஒருவரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

ஒபியோரா மனு எழுதினார். நாலு பக்கம், பச்சை மை. ஜூலை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் அலைந்தார்கள். ஃபெடரல் ரோடு அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, கால்வாய் தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கால்வாயில் பழுது ஒன்றுமில்லையே, ஒரு கீறல்கூட இல்லையே என்றார். பள்ளம் கவர்னர் நிலத்தில் இருப்பதால் ஸ்டேட்டைப் பார்க்கச் சொன்னார். ஸ்டேட் அலுவலகத்தில் இருந்தவரும் நல்ல மனிதர்தான். பள்ளம் தங்கள் மண்ணில்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் தண்ணீர் ஃபெடரல் கால்வாயிலிருந்து வருகிறது. அதைத் திருப்பிவிடத் தங்களுக்கு அதிகாரமில்லை. இந்த மாதிரிப் பெரிய பள்ளங்களை மூடுவதற்கென்று அபுஜாவில் தனி நிதி இருக்கிறது, ஸ்டேட் எழுதிக் கேட்டால் ஃபெடரல் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள், நாங்கள் எழுதுகிறோம் என்றார்.

திரும்பி வருகிற வண்டியில் அகுன்னா செருப்பிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு வந்தாள். பிறகு, "எல்லாரும் தங்கமானவங்களா இருக்காங்க தம்பி. ஒருத்தனாவது கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்திட்டு வந்திருப்பேன்" என்றாள்.

"எழுதுறேன்னு சொல்லியிருக்கான்ல அண்ணி. அது பெரிய விஷயம். ஸ்டேட்டு ஃபெடரலுக்கு எழுதுறதுன்னா சும்மாவா? கவர்னர் கட்சி வேற, அவங்க கட்சி வேற."

"எனக்கு ஏழு எட்டு இருக்கு. அதுக்குள்ள எழுதச் சொல்லுங்க."

ஆச்சரியம்தான், எழுதினார்கள். ஆகஸ்டு இரண்டாம் வாரம் ஃபெடரலும் ஸ்டேட்டும் சேர்ந்தே வந்து பார்க்கப்போவதாகச் செய்தி வந்தது. ஊரே அகுன்னா வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அபுஜாவிலிருந்து ஒரு ஆள் உமுநெகேயில் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை.

ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழை இரண்டு வாரம் மூச்சு வாங்கும். வானம் வெளுத்து, மண் காய்ந்து, பள்ளம்கூட ஏதோ ஆதிகாலத்திலிருந்து அப்படியே கிடப்பதுபோலச் சாதுவாகத் தெரியும். அந்த இடைவெளியில்தான் அகுன்னா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

விருந்தாளி வருகிற வீட்டை எங்கள் பெண்கள் எப்படி வைத்திருப்பார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. முற்றத்தில் துடைப்பக் கோடு பிறை பிறையாக விழுந்திருக்க வேண்டும். வேலி சீராக இருக்க வேண்டும். முக்கியமாக, வருகிற வண்டி வாசல்வரை வர வேண்டும்; பெரிய மனிதரை வழியில் இறக்கி நடக்கவிடுவதைப்போல அவமானம் வேறில்லை. ஜீப் வருகிற ஒரே வழியை அந்த விரல் குறுக்கே வெட்டியிருந்தது. அதை மூடாமல் ஜீப் வராது. அகுன்னா தன் வயதொத்தவர்கள் சேர்ந்த வயதுக் கூட்டத்துப் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் தங்கள் புருஷன்மாரிடம் சொன்னார்கள். மறுநாள் விடிந்ததும் அறுபது பேர் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றார்கள்.

மூன்று நாள் வேலை. ஆண்கள் மூங்கில் வெட்டி விரலின் அடியில் நெருக்கமாக முளை அடித்தார்கள். பெண்கள் சாக்குகளில் மண் நிரப்பித் தலைச்சுமையாக இறக்கினார்கள். அதன்மேல் பனம்பழச் சக்கை, அதன்மேல் செம்மண், அதன்மேல் ஆட்கள் வரிசையாகக் கைகோத்து நின்று மிதித்தார்கள். அகுன்னா வேலை செய்தவர்களுக்குக் கசப்புக்கீரைக் குழம்பும் கார்ரிக் களியும் ஆக்கிப் போட்டாள். களியை உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்கிக்கொண்டே, ஃபெடரல்காரன் இதைப் பார்த்தால் நமக்கே வேலை போட்டுக் கொடுத்துவிடுவான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நாட்கள் அவை.

சிரிக்காதவள் உஜூ ஒருத்திதான். இருபத்திரண்டு வயது, அம்மாவைப்போலவே நாக்கு. கார்ரி வறுக்கிற இரும்புத் தட்டத்தில் சுரைக்குடுக்கை ஓட்டால் மாவைத் துழாவிக்கொண்டே, புகையில் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, பள்ளம் பாக்க வர்றவங்களுக்குப் பள்ளத்த மூடிவெச்சா காட்டப்போற?"

"அதோ பெரிய பள்ளம் கெடக்குல்ல, மூங்கிலுக்கு அந்தாண்ட. அத மூட உங்க அப்பனாலயும் முடியாது. அதக் காட்டுவோம்."

"அது நம்ம வீட்டுக்கு எங்கேயோ கெடக்கு. நம்மள முழுங்க வந்தது இதுதானே?"

"அபுஜாவுலேர்ந்து வர்றாங்கடி. வீட்டுக்கு வர்றவங்கள எகிறிக் குதிச்சு வாங்கன்னு சொல்லச் சொல்றியா? மூக்க நீட்டிக்கிட்டு நாலு கேள்வி கேக்கத் தெரியுது, ஒரு ஆளுக்குச் சோறு போடத் தெரியுதா உனக்கு?"

ஒபியோராவும் அண்ணி பக்கம்தான் பேசினார். சொந்தக் கையால் இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அரசாங்கத்துக்கு மனம் இரங்கும். சும்மா கையை விரித்து நிற்கிற ஊருக்கு எவன் கொடுப்பான் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. உஜூ தோளைக் குலுக்கிவிட்டு மாவைத் துழாவினாள்.

வந்தவர்கள் ஐந்து பேர். ஃபெடரல் தரப்பில் தலைமை ஓர் அம்மாள். கண்ணாடி, தட்டைச் செருப்பு, கையில் அளவு நாடா. ஸ்டேட் தரப்பில் வந்தவர் நெட்டையான எஞ்சினியர். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களாம். இறங்கும்போதே கேலி பேசிக்கொண்டு இறங்கினார்கள். ஜீப் வாசல்வரை வந்தது. அகுன்னாவுக்கு அப்போது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

விருந்தாளிக்கு முதலில் கொடுக்கிற கோலாக் கொட்டையை உடைத்து, பிரார்த்தனை சொல்லி, பகிர்ந்து தின்ற பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. கள் வந்தது. கோழி வந்தது. வேலை செய்ய வந்த இடத்தில் இவ்வளவு வேண்டாமே என்று அந்த அம்மாள் உண்மையாகவே கூச்சப்பட்டாள். பிறகு எழுந்து அளந்தார்கள். பெரிய பள்ளத்தின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அங்கிருந்து வீட்டுச் சுவர்வரை நாடாவை இழுத்தார்கள். அறுபத்திரண்டு மீட்டர். அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள்.

அகுன்னாவுக்குச் சுருக்கென்றது. "அம்மா, அது இல்லைங்க. இங்க பாருங்க, நீங்க நிக்கிறீங்களே, இதுதான் பள்ளம். ஜூன்ல வந்தது. உங்க காலுக்கு அடியில இருக்கு" என்றாள்.

அந்த அம்மாள் குனிந்து காலடியைப் பார்த்தாள். மிதித்து இறுகின செம்மண். காலையில் பெருக்கின துடைப்பக் கோடு.

"இது மூடியிருக்கேம்மா."

"நாங்கதான் மூடினோம். வண்டி வர்றதுக்காக."

"யார் செஞ்சது? கவர்ன்மென்டா?"

ஒபியோரா முந்திக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் பிறகு ஆயுள் முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டார். "எங்க ஜனங்கதான் மேடம். அறுபது பேரு. மூணே நாள். மூங்கில் அடிச்சு, சாக்குப் போட்டு, எஞ்சினியர் போட்ட மாதிரியே போட்டிருக்கோம்."

ஸ்டேட் எஞ்சினியர் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை என்றார். அந்த அம்மாள் தன் தாளில் ஒரு கட்டத்தில் குறி போட்டாள். ஓடுகிற பள்ளத்திலிருந்து முப்பது மீட்டருக்குள் வீடு இருந்தால் உடனே மூடுகிற முதல் பட்டியல். அதற்கு மேலே என்றால் இரண்டாவது பட்டியல் என்று அவளே விளக்கினாள். இரண்டாவது பட்டியல் எப்போது வரும் என்று உஜூ கேட்டாள். முதல் பட்டியல் முடிந்ததும் என்றாள் அந்த அம்மாள். அவள் குரலில் கேலியில்லை.

"ஒரு மழை வந்தாப் போயிரும்மா இது. நான் ஏழு எட்டு நடந்து நடந்து பாத்தவ. என் புருஷன் அங்க படுத்திருக்காரு. எழுதுங்கம்மா, பள்ளம் இருக்குன்னு எழுதுங்க" என்றாள் அகுன்னா.

"நான் பாக்குறதத்தாம்மா எழுத முடியும். நான் பாக்காதத எழுதினா அபுஜாவுல என்னைக் கேப்பாங்க."

பிறகு கால்வாய் வாயண்டை போய் நின்று இரு தரப்பும் தர்க்கம் பண்ணினார்கள். தண்ணீர் உன்னுடைய கால்வாயிலிருந்துதானே வருகிறது என்றார் எஞ்சினியர். கடைசிப் பலகைவரை என்னுடையது, அதற்கப்புறம் உங்கள் கவர்னருடையது, வாங்கிக்கொள்ள ஒரு வாய்க்கால் நீங்கள்தானே வெட்டியிருக்க வேண்டும் என்றாள் அந்த அம்மாள். வெட்டினால் ரோட்டு எல்லைக்குள் யாரைக் கேட்டு வெட்டினாய் என்று நீங்கள் வழக்குப் போடுவீர்கள் என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். கள் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கை கொடுத்தபோது அந்த அம்மாள் அகுன்னாவின் கையை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்திருந்தாள். அதை என்ன செய்வது என்று அகுன்னாவுக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் நாலாம் தேதி மழை திரும்பியது. கால்வாய் வாய் நிரம்ப வந்தது. மூன்று நாள் மிதித்துப் போட்ட மண் ஒரு பகல்பொழுதுகூடத் தாங்கவில்லை. சாக்குகள் செத்த ஆட்டுக்குட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு போயின. அது போனதில்கூடப் பெரிய நஷ்டமில்லை. இளகின மண்ணுக்குள் தண்ணீர் புகுந்து பழகிவிட்டது. முன்பு மேலே வெட்டிக்கொண்டு வந்த பள்ளம், இப்போது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் குடைந்தது. மேலே பார்த்தால் இன்னும் ஆறு எட்டு தரை இருந்தது. அகுன்னா காலையில் நடந்தால் காலடியில் திம் திம் என்று கேட்டது.

அபுஜாவிலிருந்து கடிதமும் அந்த வாரம்தான் வந்தது. ஒபியோரா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஊர்மக்களின் முயற்சியால் அரிப்பு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. நிலம் உறுதியாக உள்ளது. இரண்டாவது பட்டியல். ஊர்மக்களுக்குப் பாராட்டு என்று கடைசியில் ஒரு வரி வேறு. படித்து முடித்து அவர் கடிதத்தை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அண்ணி. எஞ்சினியர் மாதிரி போட்டோம்னு பீத்திக்கிட்டேன் பாருங்க."

"மூடச் சொன்னது நான்" என்றாள் அகுன்னா. "எம் பொண்ணு சொன்னா. வாய மூடுன்னேன்."

உஜூ பக்கத்தில்தான் இருந்தாள். எழுந்துபோய், சந்தையிலிருந்து வந்து சுமையோடே நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் தலையிலிருந்து கிழங்குக் கூடையை இறக்கி வைத்தாள்.

வீட்டை விட்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. கட்டில், அண்டா, தையல் மிஷின் எல்லாம் ஒபியோரா வீட்டுக்குப் போயின. மிச்சமிருந்தது சிப்ரியன். பங்காளிகள் கூடிப் பேசி, அவரைத் தோண்டி எடுத்து ஒபியோராவின் வாழைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அகுன்னாவும் உஜூவும் இனி ஒபியோரா வீட்டுப் பின்னறையில். அண்ணியை யார் எங்கே போகச் சொல்வார்கள் என்று ஒபியோரா கூட்டத்தில் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் சவத்தைத் தோண்டச் சீட்டு வேண்டுமாம். அதைக் கொடுப்பது ஃபெடரலுமில்லை, ஸ்டேட்டுமில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, உள்ளூர்க் கவுன்சில், அதன் கையில். சீட்டில்லாமல் தோண்டினால் போலீஸ் வரும் என்று ஒபியோராதான் அடம்பிடித்தார். இரண்டு தடவை கொட்டகை இடிபட்டவர். பயம் எலும்பில் ஏறியிருந்தது. கவுன்சிலில் தலைவர் ஊரில் இல்லை. கவர்னர் அவரை நீக்கிவிட்டார், அவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், புதியவர் இன்னும் உட்காரவில்லை. கையெழுத்துப் போட ஆளில்லை. நாளைக்கு வாருங்கள் என்றார்கள். ஒன்பது நாள் நாளைக்கு வாருங்கள் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் மழை பெய்தது.

பத்தாம் நாள் காலை ஒபியோரா சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். அகுன்னா வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். மழைக்கு முந்தின இருட்டு வானத்தில் கட்டியிருந்தது.

"போவாதீங்க தம்பி."

"சீட்டு இன்னிக்குக் கெடைச்சிரும் அண்ணி. புது ஆளு உக்காந்துட்டானாம்."

"யாரு உக்காந்தா எனக்கென்ன? ரோட்டுக்கு ஒருத்தன் அளந்தான், மண்ணுக்கு ஒருத்தன் அளந்தான். இருபத்தாறு வருஷம் எம் பக்கத்துல படுத்த மனுஷன். அவர எடுக்குறதுக்கு நான் எவன்கிட்டயும் சீட்டு வாங்க மாட்டேன். மண்வெட்டிய எடுங்க."

பெண்கள் குழி தோண்டுகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஒபியோரா தயங்கி நின்றபோது அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் அவர் நிற்கவில்லை. வழியில் பார்த்த பங்காளிகள் நாலைந்து பேர் கூட வந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை ஊபே மரத்தில் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கல்லறையண்டை போனார்கள். நீலமும் வெள்ளையுமான ஓடு ஒரு விரிசல்கூட இல்லாமல் மழையில் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் ஒபியோராவுக்கே தெம்பு வந்தது. அண்ணன் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் அண்ணி என்றார்.

கடப்பாறையை அவர்தான் போட்டார். மூன்றாவது போட்டில் சிமெண்டுப் பலகை மூலையில் உடைந்தது. உடைந்த துண்டு உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் வருவதற்கு நேரமாயிற்று.

ஒபியோரா குப்புறப் படுத்து ஓட்டை வழியாகப் பார்த்தார். உள்ளே இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் இருந்தது. வெகு கீழே பள்ளத்தின் தரை தெரிந்தது, அதில் சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி இல்லை. அதைச் சுற்றியிருந்த மண் இல்லை. ஓடு பதித்த பலகை மட்டும் ஒன்றுமில்லாததன்மேல் நின்றுகொண்டிருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கையால் சிமெண்டை அடித்துக்கொண்டு அழுதார். ஒன்பது நாள் அண்ணி, ஒன்பது நாள் நான்தான் நிறுத்திவைத்தேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒன்பது நாளில் போனதோ, அதற்கு முன்பே போனதோ, யாருக்குத் தெரியும்? எத்தனை நாளாக அகுன்னா வெறும் ஓட்டில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டு, இல்லாத ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாளோ. அந்த நினைப்புதான் அவளை வெட்டியது. தான் கொட்டச் சொன்ன மண்ணுக்குள் புகுந்த தண்ணீர்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பங்காளி, தண்ணீர் எல்லாம் ஆற்றுக்குத்தான் போகிறது, பெட்டி இந்நேரம் அங்கே போயிருக்கும் என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஸ்டேட் என்று இன்னொருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அகுன்னா சேலையாகக் கட்டியிருந்த துணியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டாள். பெண்கள் ஊற்றுத் தண்ணீருக்கு இறங்குகிற தடம் பெரிய பள்ளத்தின் கிழக்கே இருந்தது. அதன் வழியே இறங்க ஆரம்பித்தாள். உஜூ பின்னாலேயே போனாள். செய்தி கேட்டு அந்த வயதுக் கூட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். முழங்கால் ஆழச் சேற்றில், மூங்கில் கழியால் குத்திக் குத்தி, மூன்று நாள் தேடினார்கள். சட்டி கிடைத்தது, யாரோ வீட்டுக் கதவு கிடைத்தது, ஜெபக் கூடத்து மணியின் நாக்கு கிடைத்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் உஜூதான் அதைக் கண்டெடுத்தாள். பெட்டியின் பக்கப் பலகை ஒன்று, ஒரு முழ நீளம். பித்தளைக் கைப்பிடி ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அகுன்னா அதைத் தண்ணீரில் அலசி, தன் மேல்துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். யாரிடமும் தூக்கக் கொடுக்கவில்லை.

மறுநாள் வாழைத் தோட்டத்தில் குழி வெட்ட வந்த பங்காளிகள், இந்தப் பலகைக்கு இரண்டடி வெட்டினால் போதும் என்றார்கள். மழையில் வேர் நிறைந்த மண்ணை வெட்டுவது லேசான வேலையில்லை; அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை.

"அவர் ஒசரமான ஆளு. முழுசா வெட்டுங்க" என்றாள் அகுன்னா.

வெட்டினார்கள்.